மணல் எங்கடா இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம். நெத்திலிக் குழம்பு சாப்பிட்ட மயக்கத்துல நானும் ஆயாவும் டிவி முன்னாடி சாய்ஞ்சிருந்தோம். யூடியூப்ல ஒரு பழைய காமெடித் தொடர் ஓடிட்டு இருந்துச்சு. பேர் வேண்டாம். நல்ல தொடர்தான், இன்னிக்கும் சிரிப்பு வருது, அதனால விட்டுடுவோம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதுல தப்பு கண்டுபிடிக்கிறது. பி.காம். படிக்கிறதால வந்ததா, இல்ல இந்த வியாதி இருந்ததாலதான் பி.காம். சேர்ந்தேனான்னு தெரியல. அன்னிக்கும் அப்படித்தான். ஹீரோவோட மாமனார் வலது கையில காபி டம்ளரை வச்சுகிட்டுப் பேசுறார். ஷாட் மாறுது, டம்ளர் இடது கையில. மறுபடி ஷாட் மாறுது, டம்ளர் திரும்ப வலது கைக்கு வந்துடுச்சு. அதுவும் பாதி குடிச்ச காபி விளிம்பு வரைக்கும் ரொம்பி இருக்கு! சுவர்க் கடிகாரத்துல பத்தேகால் மணி, அடுத்த வசனத்துக்குள்ள நாலு மணி. நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தி ஆயாகிட்ட காட்டினேன்.

"அவன் எந்தக் கையில குடிச்சா உனுக்கு இன்னாடா? சிரிப்பு வந்துச்சா இல்லியா, அத்த சொல்லு"ன்னு ஆயா என் வாயை அடைச்சிடுச்சு.

அடுத்த சீன்ல ஹீரோ கடன் வசூல் பண்ணக் காசிமேட்டுக்குப் போறார். பரந்த வெள்ளை மணல், வரிசையா தென்னை மரம், ஒரே ஒரு அழகான படகு. அதுல சாய்ஞ்சுகிட்டு லுங்கி கட்டின ரவுடி ஒருத்தன்.

இப்ப ஆயாவே "டேய், இத்த நிறுத்து"ன்னுச்சு. "இது எந்த ஊரு காசிமேடு? நம்ம பக்கம் மணல் எங்கடா இருக்கு?"

டம்ளரை மன்னிச்ச ஆயா மணலை மன்னிக்கல. ரெண்டுமே தப்புதானே? ஒண்ணு சின்னது, இன்னொண்ணு பெருசுன்னு எதை வச்சு சொல்றது? ஒரு வாரமா இதேதான் மண்டையில ஓடுது. அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல டம்ளருக்காக வாதாடுவோம். படமோ தொடரோ, கதை வரிசையில ஷூட்டிங் நடக்காது. ஹால்ல நடக்குற எல்லா சீனையும் ஒரே மூச்சுல எடுத்துட்டு அப்புறம்தான் அடுப்படிக்குப் போவாங்க. ஒரே வசனத்தை நாலு டேக் எடுப்பாங்க. யார் கையில என்ன இருந்துச்சு, சட்டை பட்டன் எத்தனை போட்டிருந்தாங்க, பொட்டு எந்த இடத்துல இருந்துச்சுன்னு குறிச்சு வைக்க ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் இருப்பார். கண்டினியூட்டி பார்க்கிறதுன்னு அதுக்குப் பேர். இப்ப செல்போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கலாம். அப்ப நோட்டுப் புத்தகமும் ஞாபக சக்தியும்தான். வாரம் தவறாம எபிசோடு குடுத்தாகணும்கிற அவசரத்துல ஒரு டம்ளர் கை மாறுறது பெரிய குத்தமா?

இன்னொரு விஷயமும் இருக்கு. எடிட்டர் அந்தத் தப்பைக் கவனிச்சிருப்பார், ஆனாலும் வேணும்னே விட்டிருப்பார். மூணாவது டேக்லதான் மாமனார் முகம் சரியான நேரத்துல கோணிச்சுன்னா, டம்ளருக்காக அந்தச் சிரிப்பைத் தூக்கிப் போட முடியுமா? 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தோட எடிட்டர்கள்ல ஒருத்தரான வால்டர் மர்ச் இதுக்கு மார்க்கே போட்டு வச்சிருக்கார். எங்கே வெட்டணும்னு முடிவு பண்ணும்போது உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. ஆள் எங்கே நின்னான், பொருள் எங்கே இருந்துச்சுங்கிற இடக் கணக்குக்குக் கடைசியில வெறும் 4. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. டம்ளர் அந்த 4 சதவீதத்துக்குள்ள வர்ற சமாச்சாரம். ஆயா மர்ச்சைப் படிக்காமலே சரியாச் சொல்லிடுச்சு.

உலகம் பூரா இதே கதைதான். 1994-லிருந்து 2004 வரைக்கும் ஓடின 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர்ல மோனிகா வீட்டு நம்பர் ஆரம்பத்துல 5. ஆனா ஜன்னல் வழியாப் பார்த்தா வீடு உயரமான மாடியில இருக்கு. யாரோ யோசிச்சுப் பார்த்து முதல் சீசன்லயே நம்பரை 20 ஆக்கிட்டாங்க. எதிர் வீட்டு 4-ம் 19 ஆயிடுச்சு. அதே தொடர்ல ராஸுக்கு மூணு சீசனா 29 வயசு. 'ஹேப்பி டேஸ்' தொடர்ல இன்னும் மோசம். ஹீரோவோட அண்ணன் சக் இரண்டாவது சீசனோட காணாமப் போயிட்டான். போனான், செத்தான்னு ஒரு வார்த்தை கிடையாது. பின்னாடி அப்பாவே தனக்கு ரெண்டு பிள்ளைங்கதான்னு பேசுறார். 'மாஷ்' தொடர் கொரியப் போரைப் பத்தினது. போர் 1950-லிருந்து 1953 வரைக்கும் மூணே வருஷம். தொடர் 1972-லிருந்து 1983 வரைக்கும் பதினோரு சீசன்! இதனால யாராவது சிரிக்காம இருந்தாங்களா? இல்ல.

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்துல 'பிழைத் திருத்தம்'னு ஒரு பாடம் உண்டு. படிச்சவங்களுக்கு இப்பவும் வயித்தைக் கலக்கும். பிழையை நாலு வகையாப் பிரிப்பாங்க. டிவி காமெடிக்கு அது அப்படியே பொருந்துது பாருங்க.

ஒண்ணு, விடு பிழை. எழுத வேண்டியதை எழுதாம விடுறது. அண்ணன் சக் கேஸ்.

ரெண்டு, செய் பிழை. எழுதுறோம், ஆனா தொகையைத் தப்பா எழுதுறோம். ராஸ் வயசு, மோனிகா வீட்டு நம்பர், நம்ம மாமனார் டம்ளர்.

மூணு, ஈடுசெய் பிழை. ஒரு தப்பை இன்னொரு தப்பு அடிச்சுடும். இதுல உலக சாம்பியன் நம்ம 'லொள்ளு சபா'தான். 2000-களின் நடுவுல விஜய் டிவியில வந்தது, ராம்பாலா இயக்கினது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், மாறன், சேஷுன்னு ஒரு பட்டாளம். ஒரு படத்தை எடுத்துக்குவாங்க. அதுல எங்கெல்லாம் லாஜிக் ஓட்டையோ அங்கெல்லாம் விரலை விட்டுப் பெருசாக்குவாங்க. படம் பண்ணின தப்பு மேல இவங்க வேணும்னே ஒரு தப்பு பண்ணுவாங்க, கணக்கு நேராயிடும், மிச்சம் சிரிப்பு. இதே டெக்னிக்கைத்தான் 2006-ல 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யும் பண்ணுச்சு. 18-ம் நூற்றாண்டு மகாராஜா குளிர்பானத்துக்கு விளம்பரம் பண்றார். அதைப் பார்த்து "அந்தக் காலத்துல கூல்டிரிங்க் ஏது?"ன்னு யாராவது கேட்டா அவரை வீட்டுக்கு அனுப்பி வச்சுடலாம்.

நாலாவதுதான் வில்லன். விதிப் பிழை. மெஷின் வாங்கின பணத்தைச் சொத்துக் கணக்குல எழுதாம, சரக்கு வாங்கின கணக்குல எழுதிடுறது. தொகை சரி, தேதி சரி, கூட்டல் சரி. இருப்பாய்வு போட்டா ரெண்டு பக்கமும் அழகா டேலி ஆகும். அதனாலயே யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா லாபமும் தப்பு, சொத்தும் தப்பு. முதல்லயே ஒரு பொருள் என்னன்னு தப்பாப் புரிஞ்சுகிட்டதால வர்ற பிழை இது. டேலி ஆகாத கணக்கை எவனும் கண்டுபிடிப்பான். டேலி ஆகுற தப்பைக் கண்டுபிடிக்க அந்த மெஷினை நேர்ல பார்த்த ஆள் வேணும்.

எங்க ஆயா அந்த மெஷினைப் பார்த்த ஆள்.

சென்னைத் துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி நம்ம கடற்கரை வேற மாதிரி இருந்துச்சு. இந்தக் கரையோரமா வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெற்கே இருந்து வடக்கே நகரும். 19-ம் நூற்றாண்டு கடைசியில துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் வந்துச்சு. வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே நின்னு போச்சு. இன்னிக்கு மெரினாவுல சுண்டல் தின்னுகிட்டே நடந்து நடந்து கால் வலிக்குதே, அந்த அகலம் இப்படி வந்ததுதான். சுவருக்கு இந்தப் பக்கம் ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் மணல் வரத்து நின்னுச்சு, ஆனா அலை நிக்கல. கரையை அரிச்சுகிட்டே இருந்துச்சு. அதைத் தடுக்கத்தான் லாரி லாரியாக் கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க. காசிமேட்டுல இருக்கிறது மீன்பிடித் துறைமுகம். சிமெண்ட் தளம், நெருக்கி நிக்கிற விசைப்படகு, ஐஸ், டீசல் வாசனை. தென்னை மர வரிசையெல்லாம் சினிமாக்காரங்க கற்பனை.

திருவொற்றியூர் குப்பத்துல ஆயா பொறந்த வீடு இருந்த இடம் இப்ப கடல். சின்னப் பிள்ளையில வீட்டு வாசல்லேர்ந்து அலைக்கு ஓடுறதுக்குள்ள மூச்சு வாங்குமாம். அப்புறம் தெரு போச்சு, வீடு போச்சு, இன்னிக்குக் கல்லு மேல நின்னு "அதோ, அந்த அலை உடையுது பாரு, அங்கதான்"னு கை காட்டும். அப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட போய்ப் பரந்த மணலைக் காட்டி இதுதான் காசிமேடுன்னா?

தொடர் எடுத்தவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஷூட்டிங்குக்கு வசதியான ஒரு கடற்கரையில எடுத்திருப்பாங்க. பார்த்த லட்சம் பேருக்கு இருப்பாய்வு டேலி ஆயிருக்கும். கடல் இருக்கு, படகு இருக்கு, ரவுடி இருக்கான், அப்ப காசிமேடுதான். இதுலேர்ந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணு. பிழை சின்னதா பெருசாங்கிறது தொகையில இல்ல, அது யார் கணக்குல போய் விழுதுங்கிறதுல இருக்கு. டம்ளர் தப்பு யார் கணக்குலயும் விழல. மணல் தப்பு ஆயா கணக்குல விழுந்துச்சு.

சரி, மணலை விடுங்க. அந்தப் படகுல சாய்ஞ்சிருந்த ரவுடிக்கு வருவோம்.

காமெடித் தொடர்ல வடசென்னைக்காரன் வந்தா அவன் பேருக்கு முன்னாடி ஏரியா பேர் ஒட்டியிருக்கும், இடுப்புல கத்தி இருக்கும், வாயில "இன்னா" இருக்கும். மூணும் இருந்தா டேலி. அவன் பேசுற பாஷையைக் கேட்டா எங்க தெருவுல சிரிப்பாங்க, ஜோக்குக்காக இல்ல. எங்க வீட்டுல "இன்னாமே"ன்னா பொம்பளைங்களைக் கூப்பிடுறது, ஆம்பளைன்னா "இன்னாபா". தொடர்ல ஹீரோவைப் பார்த்து "இன்னாமே"ங்கிறான் ரவுடி! ஆயா கொல்லுனு சிரிச்சுது. இந்த பாஷைக்கும் விதி இருக்குங்க. "வந்துகினு" கொச்சை இல்ல, "வந்துகொண்டு" தேய்ஞ்சு வந்தது. "நைனா" தெலுங்கு, "நாஷ்டா" இந்துஸ்தானி, "துட்டு" டச்சு நாணயம். துறைமுகத்துல எத்தனை ஊர் ஆளுங்க இறங்குனாங்களோ அத்தனையும் ஒரு வாக்கியத்துல இருக்கும்.

இத்தனைக்கும் இந்தப் பாஷையை வச்சு அருமையா சிரிக்க வச்சவங்க இருக்காங்க. 1958-ல 'சபாஷ் மீனா'வுல ரிக்‌ஷாக்காரரா வந்து மெட்ராஸ் பாஷை பேசின சந்திரபாபு பொறந்தது தூத்துக்குடியில. வெளியூர்க்காரர்தான், ஆனா காது குடுத்துக் கேட்டிருக்கார். கேட்ட காதுக்கும் கேக்காத காதுக்கும் வித்தியாசம் அறுபது வருஷம் கழிச்சும் தெரியுது.

"காமெடிதானேப்பா, இதையெல்லாம் சீரியஸா எடுத்துகிட்டா எப்படி சிரிக்கிறது?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனா 'லொள்ளு சபா'வை யோசிச்சுப் பாருங்க. ஒரு படத்தைக் கிண்டல் பண்ணணும்னா அந்தப் படத்தை அதோட ரசிகனைவிட உன்னிப்பாப் பார்க்கணும். நடிகர் எந்தத் தோளைத் தூக்குறார், எந்த இடத்துல மூச்சு விடுறார்னு தெரிஞ்சாத்தான் நக்கல் எடுபடும். அதாவது, சீரியஸ் நாடகத்தைவிட காமெடிக்குத்தான் அதிகமா விவரம் தெரியணும். பார்க்காம பண்ற கிண்டல், வேற எவனோ பண்ணின கிண்டலோட ஜெராக்ஸ். பில்லையே பார்க்காம, போன வருஷ லெட்ஜரைப் பார்த்து இந்த வருஷக் கணக்கு எழுதுற மாதிரி. 2014-ல 'மெட்ராஸ்', 2018-ல 'வடசென்னை', 2021-ல 'சார்பட்டா பரம்பரை'ன்னு சினிமாவாவது கேரம் போர்டையும் குத்துச்சண்டை மேடையையும் எட்டிப் பார்த்துச்சு. 2024-ல அமெரிக்காவுல நடந்த உலக கேரம் போட்டியில மூணு தங்கம் ஜெயிச்ச காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு. 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணி ரயில் கிளம்பினது எங்க ராயபுரத்துலேர்ந்து. எம்.ஆர்.எஃப். 1946-ல பொம்மை பலூன் செய்யற கொட்டகையா ஆரம்பிச்சது திருவொற்றியூர்ல. இதுல ஒரு ஜோக்கு கூடவா கிடைக்காது? பலூன் ஊதினவங்க டயர் கம்பெனி ஆனதுக்கே ஒரு எபிசோடு எழுதலாமே!

இதெல்லாம் பொதுவாப் பேசிட்டேன். இப்ப என் கணக்குல விழுந்த ஒண்ணைச் சொல்றேன்.

ரெண்டாவது வருஷ லீவுல ஊரோட தென்பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டுப் போனேன். சார் பேப்பரைப் பார்த்துட்டு எந்த ஏரியான்னார். திருவொற்றியூர்னேன். உடனே டிவி ரவுடி குரல்ல "இன்னாபா, கத்தி கித்தி எதுனா வெச்சுகினு கீறியா?"ன்னார். ரூமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நிஜமாவே நல்ல மனுஷன், அன்னிக்கே வரச் சொல்லிட்டார், வேலையும் பொறுமையா சொல்லிக் குடுத்தார். அவர் பாரிமுனைக்கு வடக்கே வந்ததே இல்லைன்னு பின்னாடி பேச்சுவாக்குல தெரிஞ்சுது. எங்க ஊரை அவர் படிச்சது டிவியில. அவர் புத்தகத்துல இருப்பாய்வு டேலி ஆயிருக்கு, அவ்வளவுதான்.

ஆனா அன்னிக்கு ராத்திரி மெட்ரோவுல வரும்போது ஒரு விஷயம் உறைச்சுது. அந்த ரூம்ல நான் பேசின ஒரு வார்த்தையில கூட "இன்னா" இல்ல. காலையில வீட்டுல "இன்னா ஆயா, நாஷ்டா ரெடியா?"ன்னு கேட்டவன், சென்ட்ரல்ல இறங்கும்போது "என்ன சார், சொல்லுங்க சார்". திரும்ப விம்கோ நகர்ல இறங்கினா "இன்னாடா மச்சான்". ரெண்டு வருஷமா தினம் இதேதான் பண்ணிட்டு இருக்கேன், எனக்கே தெரியாம. மாமனார் டம்ளர் கை மாறினதை நிறுத்திக் காட்டின பெரிய மனுஷன், என் நாக்கு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறுறதைக் கவனிக்கல. என்னை எவனாவது தொடரா எடுத்தா முதல் கண்டினியூட்டி மிஸ்டேக் நான்தான்.

இதுக்காக எந்தத் தொடரையும் தடை பண்ணுன்னு கொடி பிடிக்க மாட்டேன். தப்பு கண்டுபிடிக்கிறது ஒரு பாசம்தான். பிடிக்காத தொடரை யாரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது இல்ல. நான் கேக்குறது சின்ன விஷயம். அடுத்த தடவை ஸ்கிரிப்ட்ல காசிமேடுன்னு எழுதும்போது ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் விடிகாலையில அங்க வந்து, மீன் ஏலம் விடுறதை அரை மணி நேரம் காது குடுத்துக் கேட்டுட்டுப் போகட்டும். செலவு ஒரு டீ, ஒரு பஸ் டிக்கெட். கிடைக்கிற ஜோக்கு மூணு சீசனுக்குத் தாங்கும்.

பிழையை ஒத்துக்கிறதுலயும் நம்ம டிவிக்காரங்களை அடிச்சுக்க ஆளே இல்ல. ஃப்ரெண்ட்ஸ்காரங்க வீட்டு நம்பரைச் சத்தமில்லாம மாத்தினாங்க. நம்ம சீரியல்ல ஆள் மாறினா நடு எபிசோடுல தைரியமா கார்டு போடுவாங்க, 'இவருக்குப் பதில் இவர்'னு. உலகத்துலயே இதைவிட நேர்மையான திருத்தப் பதிவு கிடையாது. அந்தப் பழைய தொடரை இன்னொரு தடவை எங்கேயாவது போட்டாங்கன்னா, அந்த சீனுக்கு முன்னாடி ஒரு கார்டு போடச் சொல்லுங்க: 'இந்த மணலுக்குப் பதில் கருங்கல்'. ஆயா மன்னிச்சிடும்.

டிஸ்கி: இதை எழுதிட்டு ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "ஆமா நைனா, அந்த டம்ளர்ல காபி எப்புட்றா திரும்ப ரொம்புச்சு?"ன்னுச்சு. வியாதி பரம்பரை போல :-)